கணக்குத் தலைப்பு

அறக்கட்டளைப் பேரேட்டில் பதினோரு தலைப்புகள்.
வெள்ளையடிப்பு, மின்கட்டணம், ஓட்டு மராமத்து,
காவலாளி சம்பளம், வௌவால் வலை
என்று போகும்.
மாணவர் என்று ஒன்று கிடையாது.

ஆகவே ஜூலையில்
நாகர்கோவில் பக்கமிருந்து வந்த ரெக்ஸ்லினுக்கு
உதவித்தொகை ஒன்பதாயிரத்தைக்
கரையான் மருந்தில் எழுதினேன்.
ஆகஸ்டிலும் அப்படியே.
பள்ளத்தூரில் இத்தனை பெரிய பர்மாத் தேக்கு வீட்டில்
கரையானுக்கு மாதாமாதம் மருந்து அடிப்பதை
யார் கேட்கப்போகிறார்கள்?

அவளுக்கு இரண்டாம் கட்டில் வேலை.
கையுறை, தூரிகை, மூக்கில் கட்டிய துணி.
ஒவ்வொரு பீங்கான் சாடியையும்
தூங்கும் பிள்ளையைப் புரட்டுவதுபோலப் புரட்டி
அடியில் நகத்தளவு வார்னிஷ் தடவிக்
காயும்வரை காத்திருந்து
அதன்மேல் எறும்பெழுத்தில் எண் இடுவாள்.
"பின்னாடி அழிக்கிற மாதிரி இருக்கணும் சார்,
அதான் முறை."
முப்பது வருஷமாக
அழிக்காமல் எழுதுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

காரைக்குடியில் விடுதிக் கதவு எட்டு மணிக்குச் சாத்தப்படும்.
ஏழு மணி பஸ் வந்தால்தான் வந்தது.
பஸ் பாஸ் கேட்டு நான் போட்ட கடிதம்
மூன்று கையெழுத்துக்காகச்
சென்னை போய், கோலாலம்பூர் போய்த்
திரும்பியபோது
அவள் பயிற்சியில் பாதி முடிந்திருந்தது.

செப்டம்பரில் மேல்மாடிப் பெட்டியைத் திறந்தோம்.
ராமபாணப் பூச்சி தின்று மீந்த பழைய பேரேடுகள்.
அந்த முந்திரி, அரைக்கால் குறிகள்
எனக்குப் படிக்க வராது.
அவள் தஞ்சாவூரில் ஒரு கோடை முழுக்க
அதற்காகவே உட்கார்ந்து பழகியிருக்கிறாள்.
விரல் படாமல், மூங்கில் குச்சியால் வரி காட்டி
எனக்கு வாசித்தாள்:

பெகு கடை. பெட்டியடிப் பையன் பற்று.
கப்பல் கூலி. குடை ஒன்று.
கம்பளி. செருப்பு.
காய்ச்சலுக்கு வைத்தியர், இரண்டு தரம்.

"பையன் பேர் எங்கேயும் இல்ல சார்.
ஆனா தலைப்பு இருக்கு."

அன்றைக்குச் சம்பள நாளாகப் போனதுதான் வினை.
ரசீதில் கையெழுத்திட வந்தவள்
ஒரு மணி நேரம் வரி வரியாய்ப் படித்த கண்ணோடு
என் வரியையும் படித்துவிட்டாள்.
"இதுல நான் மருந்தா சார், கரையானா?"
கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

இரவு ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டேன்.
பன்னிரண்டாவது தலைப்பு.
மாணவர் உதவி என்றால்
அன்னதானத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
பயிற்சி என்றால்
யார், யாருக்கு என்று கேள்வி வரும்.
கடைசியில் பெட்டியடி என்றே எழுதினேன்.
கப்பல் கூலிக்கு நேராக பஸ்.
குடைக்கு நேராகக் கையுறை இருபது ஜோடி,
அவள் சொந்தக் காசில் வாங்கியது.

ஆடிட்டர் அதைப் பென்சிலால் வட்டமிட்டுப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்.
தைக் கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள்.
இந்தத் தை என்று யாரும் சொல்லவில்லை.

ரெக்ஸ்லின் இப்போது
ஒரு கோட்டை அருங்காட்சியகத்து நேர்காணலுக்குப் போயிருக்கிறாள்.
ஒரே இடம், பதினோரு மாத ஒப்பந்தம்,
இருநூற்றுச் சொச்சம் விண்ணப்பம்.
சான்றிதழில் நான்கு வரி போதும் என்றார்கள்;
இரண்டு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன்,
வாசித்த பேரேடுகளின் எண்கள் உட்பட.

நேற்று வெள்ளையடிக்க வந்தவர்கள்
சாடிகளை நகர்த்தினார்கள். கூடவே நின்றேன்.
நூற்று நாற்பதுக்குமேல் எண்கள் எல்லாம் நேர்.
ஏழெட்டு மட்டும் கோணிக்கொண்டு,
மை திட்டுத்திட்டாக.

தேதி பார்த்தேன். ஆகஸ்ட் கடைசி வாரம்.
காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.
வைத்தியர் செலவு
என் பேரேட்டில் எங்கும் இல்லை.