வரம்புக்குள்

விதிப்படி இப்போது எனக்கு ஓய்வு.
நாற்பத்தெட்டு மணி நேரம்,
அதற்குள் உள்ளூர் இரவு இரண்டு.
உள்ளூர் என்றால் அருமனை என்பது
விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

திருவனந்தபுரத்தில் கையெழுத்திட்டதுமே
கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது.
களியக்காவிளையில் பாறைப்பொடி லாரிகளுக்குப் பின்னால்
அசையாமல் நின்றதும் ஓய்வு.
மார்த்தாண்டம் பாலத்தடியில்
ஆறிப்போன பழம்பொரி தின்றதும் ஓய்வு.
வாசலில் ஷூவைக் கழற்றும்போது
ஓய்வில் மூன்றரை மணி நேரம் தீர்ந்திருந்தது.

லிஸி ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறாள்.
யாருக்கு என்ன ஆச்சு என்று
பால்காரர் பதறிக் கேட்டாராம்.
மகள், நான் வந்த அன்று மட்டும்,
குக்கரை முதல் விசிலுக்கு முன்னே அணைத்துவிடுவாள்.
சோறு கொஞ்சம் நெறுநெறுவென்றிருக்கும்.
யாரும் எதுவும் சொல்வதில்லை.

இரண்டிலிருந்து ஆறு வரை
உடல் தாழும் நேரம் என்கிறது புத்தகம்.
என் உடல் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.
பழக்க தோஷத்தில் இரண்டேகாலுக்கே விழித்து
எங்கே என் கருவிகள் என்று
கட்டிலில் தேடுகிறது.

போன வியாழன். நாலு பத்து.
பின்னால் பதினோரு டன்:
மருந்து, செல்போன், ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகள்.
ஒன்பதாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார்கள்.
ஒன்பதாயிரம் என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னேன்.
என் கை எட்டாயிரம் வைத்தது.
கேப்டன் வாத்வா அதைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகுதான் அவர் கை வந்தது.
தரை தொடும்வரை இருவரும்
வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை.

களைப்புக்கு ஒரு படிவம் உண்டு.
கடந்த இருபத்துநாலு மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினீர்கள்?
ஐந்து என்று எழுதினேன்.
மூன்று துண்டாக என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.
நாலாம் நாள் பதில் வந்தது:
பணி நேரம் வரம்புக்குள் உள்ளது.

கறுப்புத் தாளின் மூலையைப் பிரித்துப் பார்க்கிறேன்.
மதிலுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில்
ரோஸ்லெட்டின் தலைவிளக்கு.
ஒரு மரம், கத்தி ஒரு வளைவு,
சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம்.

"சாறே, ஒறங்கல்லியா?"
"வரல்ல."
"மழ பெஞ்சா எனக்கு லீவு. ஒங்களுக்கு?"
மழையில்தான் எங்களுக்குப் பாடு என்றேன்.
சிரித்தாள்.
பிறகு மதிலோரத்து மரத்தின்மேல்
விளக்கைத் திருப்பிக் காட்டினாள்.
பட்டையில் முழங்கை அளவுக்கு முண்டு.

"ரெண்டு வருசமாச்சு. சடவுல
கத்தி தடி வர போயிட்டு.
அந்த எடத்துல இனி பாலு வராது."
"மொதலாளி கேக்கல்லியா?"
"அவரு மரத்த எண்ணுவாரு சாறே.
எண்ணம் சரியாத்தான இருக்கு."

நாளை மறுநாள் இரவு பதினொன்று நாற்பதுக்கு
நான் மறுபடி தயார் என்று
போனில் ஏற்கனவே வந்துவிட்டது.

தாளைத் திரும்ப ஒட்டினேன்.
பசை காய்ந்துபோய் மூலை நிற்கவில்லை.
அந்த முக்கோணத்தில்
அவள் விளக்கு வருவதும் மறைவதுமாக இருந்தது.
படுத்தபடி மரங்களை எண்ணினேன்.
அறுபத்திரண்டு வரை நினைவிருக்கிறது.