பரிந்துரை எண் பதினான்கு

கிஷினாவிலிருந்து இரண்டரை மணி நேரம்.
அலுவலகக் காரின் ஹீட்டர் போன மாதமே செத்துவிட்டது;
அதை மாற்றப் பணம் ஒதுக்க வேண்டியது
நாங்கள் கண்காணிக்கும் அதே அரசு.
மடியில் கம்பளி. அதன்மேல் என் பை:
அளவு நாடா, வெப்பமானி,
சமையலறைத் தராசு ஒன்று,
வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீர்.

போகும் இடத்தில் எதையும் வாங்கி உண்பதில்லை.
சிறை இயக்குநர் ஆங்கெல் ஒவ்வொரு முறையும்
வால்நட் பருப்புத் தட்டை நீட்டுவார்.
ஒவ்வொரு முறையும் லியூபா அதை
ஒற்றை விரலால் அவர் பக்கமே நகர்த்துவாள்.
"சொல்லாமல் கொள்ளாமல் வருகிறீர்களே" என்கிறார்.
சொல்லிவிட்டு வந்தால் நான் பார்ப்பது
காயாத சுண்ணாம்பை.

ரொட்டியைத் தராசில் வைத்தேன்.
காகிதத்தில் அறுநூறு கிராம்,
கையில் ஐந்நூற்று நாற்பது.
மூன்றாம் தொகுதியில் பதினோரு டிகிரி.
"என் அறையிலும் இதே குளிர்தான், மேடம்."
அளப்போம் என்றேன்.
பன்னிரண்டு.
அதையும் எழுதிக்கொண்டேன்.
அவர் முகத்தில் நன்றி போல ஏதோ வந்து போனது.
எனக்கு அது பிடிக்கவில்லை;
எண்ணை அழிக்கவும் இல்லை.

எங்களால் ஆணையிட முடியாது.
அபராதம் போட, ஒருவரை வேலையிலிருந்து நீக்க
எங்கள் முத்திரைக்குத் தெம்பில்லை.
பரிந்துரைக்கலாம், அவ்வளவே.
சொல்லைப் பிரித்தால் பரிந்து உரைப்பது,
உள்ளே கொஞ்சம் பரிவு கிடக்கிறது.
அமைச்சகத்தில் உறையைப் பிரிக்கிறார்கள்,
சொல்லைப் பிரிப்பதில்லை.

போன மார்ச்சில் முப்பத்தோரு பரிந்துரைகள்.
இருபத்தெட்டு "பரிசீலனையில் உள்ளன".
இரண்டுக்குப் பதிலே இல்லை.
எண் பதினான்கு: பத்தொன்பதாம் அறை,
வடக்குச் சன்னல், உடைந்த கண்ணாடியை மாற்றுக.
மாற்றியிருக்கிறார்கள்!
விளிம்புப் பசையில் யாரோ ஒருவரின்
கட்டைவிரல் ரேகை காய்ந்திருக்கிறது.
லியூபாவும் நானும் மாறி மாறி
அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தோம்,
வீடு வாங்க வந்தவர்களைப் போல.

கண்ணாடியைப் பற்றி எங்களிடம் சொன்னவர் பாவ்லின்.
அவர் இங்கே இல்லை.
"இடமாற்றம்" என்கிறது பதிவேடு,
நாங்கள் வந்துபோன ஐந்தாம் நாள் தேதியிட்டு.
தாய் பேருந்தேறி வர முடியாத தூரம்.
அன்று அவரிடம் மட்டும் நாற்பது நிமிடம் பேசினோம்.
கதவு திறந்திருந்தது.
கதவைத் திறந்து வைத்தது நான்,
காற்று வரட்டும் என்று.

இதை அறிக்கையில் எங்கே எழுதுவது என்றாள் லியூபா.
முதல் பத்தியில், என் பெயரோடு.

அதனால் இன்று நாற்பத்தொரு பேரிடமும் பேசுகிறோம்.
ஆளுக்கு ஏழு நிமிடம், கதவை மூடி, கடிகாரம் பார்த்து.
குறையைக் கொட்டியவருக்கும் ஏழு,
என் பிறப்பைத் திட்டியவருக்கும் ஏழு,
போர்வையை இழுத்து மூடித் தூங்கியவருக்கும்
தூக்கத்தின் பக்கத்தில் நின்று ஏழு.
யார் வாய் திறந்தார் என்று
வெளியே நிற்பவர் கணக்குப் போட முடியாதபடி.

பத்தொன்பதாம் அறையில் இப்போது இருப்பவர்
பெயரை மட்டும் சொன்னார்: சிப்ரியான்.
பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நானும் பார்த்தேன்.
காவல் கோபுரம். நனைந்த இரண்டு காகங்கள்.
அதற்கப்பால் நீஸ்டர் ஆறு இருக்க வேண்டும்,
மூடுபனி விடவில்லை.
நான்காம் நிமிடத்தில் கட்டிலில் சற்று நகர்ந்து
எனக்கு இடம் விட்டார்.

தட்டுக்கும் தேநீருக்கும் விதி உண்டு.
இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

உட்கார்ந்தேன்.
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.