இல்லாத பட்டை

படத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் செய்தி.
மூன்றாம் தடத்தில் வெறும் வெள்ளை.
அடியில் ஆக்டின் மட்டும்
எல்லாத் தடத்திலும் ஒரே கறுப்பாய்,
செல் இருந்தது, புரதம் இருந்தது,
நீ தேடியதுதான் இல்லை என்று
சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது.
எட்டு மாதம் கழித்து ஓர் இல்லாமை கிடைத்ததற்கு
ரஹ்மத்துன்னிசா எல்லோருக்கும் டீ வாங்கினாள்.

கிரிஸ்பர் வெட்டும்.
வெட்டிய இடத்தைச் செல்லே அவசரமாய்த் தைக்கும்.
தையலில் நாலு எழுத்து விழும்,
அதற்கப்பால் வாக்கியம் முழுக்க உளறல்.
அவ்வளவுதான் என் வேலை:
ஒரு சொல்லைக் கெடுத்துவிட்டு
எது நின்றுபோகிறதென்று காத்திருப்பது.

செல்களுக்குப் பெயர் த-17.
பெண், ஐம்பத்திரண்டு, கன்னத்தின் உட்புறம்.
புகையிலை: ஆம்.
இதற்குமேல் எனக்குத் தெரியக் கூடாது.
திருவையாறு பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடியபடி
யாராவது ஏறினால்
சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
அவளாக இருக்காது.
இருந்தால், அவளில் ஒரு துளி
முப்பத்தேழு டிகிரியில்
என் பொறுப்பில் பசித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஊடகம் மாற்றிப் பூட்டும்போது
தட்டெல்லாம் இளஞ்சிவப்பு.
திங்கட்கிழமை மஞ்சள்.
மஞ்சளென்றால் தின்றிருக்கிறது,
தின்று பெருகியிருக்கிறது.
'வளர்' என்ற உத்தரவைக் கடத்தும் வாயையே
நான் அடைத்த பிறகும்
உத்தரவு போய்ச் சேர்ந்திருக்கிறது.
படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
வெள்ளைதான். பொய் இல்லை.

அன்றிரவு கரண்ட் இல்லை.
கீழ்வீட்டு வைரக்கண்ணு, வெண்ணாற்று லஸ்கர்,
இருட்டில் போனோடு கத்திக்கொண்டிருந்தார்.
"அவங்க முறை இல்லதான். யாரு இல்லன்னா?
ஷட்டர நானேதான் இறக்குனேன்,
சாவி என் இடுப்புல இருக்கு.
பின்ன எப்படி அவன் வயல்ல தண்ணி நிக்குதுன்னு
என்னையக் கேட்டா?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, தணிந்து:
"நண்டு வளைங்க. பக்கத்து வாய்க்கா கரையில.
சாயங்காலம் ஒரு விரல் போச்சு.
இப்ப ஆளே போகலாம்."

போன் வெளிச்சத்தில் குறிப்பேட்டைத் திறந்தேன்.
பாதையை நேர்க்கோடாய் வரைந்திருந்தேன்:
அம்பு, அம்பு, அம்பு, கடைசியில் ஒரு வட்டம்.
ஓரத்தில் எப்போதோ பென்சிலால் எழுதி
நானே அடித்துவிட்ட
பக்கத்து ஜீனின் பெயர்.

நோய்க்கு நண்டென்று பேர்வைத்த வெளிநாட்டான்
எங்கள் வரப்பில் நடந்தவனில்லை.
ஆனாலும்.

'ஆறு, மதகு எல்லாம் ஆய்வேட்டில் வேண்டாம்'
என்று தில்லைநாயகம் சார் சிவப்பில் அடித்தார்.
சரிதான்.
ஆற்றுக்கு லஸ்கர் உண்டு, சாவி உண்டு,
திட்டுவதற்கு ஒரு போன் நம்பர் உண்டு.
செல்லுக்குள் அப்படி யாரும் இல்லை.
அங்கே கரையும் வாய்க்காலும் நண்டும்
ஒரே மண்.

ஐப்பசி அடைமழையில்
இரண்டாவதையும் வெட்டினேன்.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது.
ஒரு நாள் இளஞ்சிவப்பு. இரண்டு நாள்.
நாலாம் நாளும் அதே நிறம்.
மைக்ராஸ்கோப்பில் உருண்டு சுருங்கி,
பிடி விட்டு மிதந்தன த-17.
தனியாக நின்று சிரித்தேன்.

பக்கத்துத் தட்டில்,
நோயே அறியாத யாரோ ஒருவரின் செல்கள்,
அதே இரண்டும் வெட்டியவை.
அதுவும் இளஞ்சிவப்பு.
அதுவும் மிதந்தது.
களையும் பயிரும் சேர்ந்தே காய்ந்திருக்கிறது,
கடைமடைவரை.

'இரண்டும் வேண்டாம்' என்று எழுதினேன்.
'முதலாவது முழுக்க. இரண்டாவது பாதி.'
பாதி மூடத் தெரியாது இந்தக் கத்தரிக்கு.
வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.
கீழே தேதி போட்டேன்.

ரஹ்மத்துன்னிசா கதவைத் தட்டி,
என்னாச்சு என்று கேட்கவில்லை.
பர்ஸை மட்டும் நீட்டச் சொன்னாள்.
டீக்கு இன்றைக்கு
என் முறை.