ஒற்றைகள்

திபிலீசியின் கடைசி மெட்ரோவை
நிறுத்திவிட்டு வந்து
சமையலறை விளக்கைத் தாழ இறக்குவான் ஜும்பெர்.
குறடு. வெள்ளிக் கம்பி.
மாதுளை முத்தளவு சிவப்புக் கல்.

பகலெல்லாம்
தண்டவாளம் சொன்ன இடத்தில் திரும்பியவன்.
கம்பியோ
கட்டைவிரல் சொன்ன இடத்தில் திரும்புகிறது.

ஒரு வளையம் தெறித்து அடுப்புக்கடியில் ஓடும்.
டார்ச்சோடு தவழ்கிறபோது
மணி மூன்றானது வேறு யாருக்கோ.

இதுவரை பதினோரு காதணி.
இரண்டாவது ஒருபோதும்
முதலாவதைப் போல வந்ததில்லை;
பாதியில் கை வேறெதையோ ஆசைப்பட்டுவிடும்.
"ஜோடி எங்கேடா?" என்றால்
அடுத்ததைக் காட்டுவான்.

பணிமனையில் இப்போது
ஆளுக்கொரு காது மினுங்குகிறது.
என்னுடையது ஐந்தாவது,
கொஞ்சம் கோணல்.
சுரங்கத்தில் என் வண்டி இடப்பக்கம் வளைந்தால்
அது வலப்பக்கம் ஆடுகிறது.