பதினோராம் கட்டம்

"பத்திப் பெயித்து மிஸ்" என்றாள் ஹிதாயா.
அவ்வளவுதான் வாக்குமூலம்.

அக்கரைப்பற்றுக் கோட்டுக்கு எதிரே,
போட்டோகொப்பி மெஷினுக்கும் முத்திரை விற்பவருக்கும் நடுவில்
என் மேசை.
கொழும்புக் கம்பனியின் படிவத்துக்கு
ஆங்கிலம் மட்டும்தான் காது கேட்கும்.
பதினோராம் கட்டம்: சேதத்தின் தன்மை.
மூன்று விரல் அகலம் இடம்.

பேர்ண்ட் என்று எழுதியதும் பேனை நின்றுவிட்டது.

அந்த மொழியில் நெருப்பு தனியே வீடு திரும்பாது,
ஒரு குட்டிச் சொல்லின் கையைப் பிடித்திருக்கும்.
டவுன் என்றால்
முகடு நிலத்துக்கு வந்திருக்க வேண்டும்.
அவுட் என்றால் சுவர் நிற்கும்,
உள்ளே போனால் உள்ளே என்று எதுவும் இராது.
அப் என்றால் சாம்பலையும் தேட வேண்டும்.
மேலே போனாலென்ன கீழே போனாலென்ன,
போனது போனதுதானே என்று நாங்கள் சிரிக்கலாம்.
கம்பனி சிரிக்காது.
டவுனுக்கு முழுக்காசு.
அவுட்டுக்கு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து
சுவரைத் தட்டிப் பார்த்துக் குறைப்பான்.

"சுவர் நிக்கிதா?"
"நிக்கிது மிஸ். பச்சைப் பெயின்ட் அடிச்ச சுவர்,
இப்ப சட்டி அடி மாதிரி.
தகரம் சுருண்டு கிடக்கு."
"மெஷின்?"
"எட்டு. ஒண்டு மட்டும் கையால சுத்தினாச் சுத்துது.
பெருநாளைக்குத் தைக்கத் தந்த உடுப்பு நாப்பத்தி மூணு.
ஆருக்கு எத்தின அளவெண்டு கொப்பியில இருந்த.
கொப்பியும்..."

கொப்பிக்கு அப், என்று எனக்குள் சொன்னேன்.
தாள்தான் அப்படிப் போகும், கடைசி அங்குலம் வரை.
எழுதவில்லை.
கொப்பிக்குக் காப்புறுதி இல்லை.

"ஆர் நூத்தது?"
"ஆரும் இல்ல. கச்சான் அடிச்ச ராவு.
பிரிகேட் வரக்குள்ள தானா நூந்திட்டு."

அதற்கும் அவுட்தான்.
தின்ன ஒன்றும் மிஞ்சாத தீ
தன்னையே தின்றுவிட்டு வெளியேறுவதற்கும்,
தின்னப்பட்ட கடைக்கும்
அவர்களிடம் ஒரே சொல்.

போன மாதம் மட்டக்களப்பு டொக்டர்
எனக்கும் அதைத்தான் எழுதித் தந்தார்,
இரண்டையும் ஒட்டி ஒற்றைச் சொல்லாக.
இரண்டு கிழமை லீவு எடுக்கச் சொன்னார்.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் விவாகரத்தையும் மரணத்தையும்
மொழிபெயர்த்து முத்திரை குத்துகிற எனக்கு
வீட்டில் அதைத் தமிழில் சொல்ல வரவில்லை.
களைப்பு என்றேன்.
தேத்தண்ணி ஊத்தித் தந்தார்கள்.

எங்களிடம் சொல் இல்லாமலில்லை.
சோறு அடிப்பிடிக்கும், மயிர் பொசுங்கும்,
வேளாண்மை கருகும், கண் காந்தும்,
பக்கத்து வீட்டுக்காரி கார் வாங்கினால் வயிறு எரியும்.
ஆனால் எல்லாம் முடிந்தபிறகு
போச்சு என்கிற ஒரே வாசலால் அனுப்பிவிடுகிறோம்.
மேலேயா கீழேயா வெளியேயா என்று
எவரும் கேட்பதில்லை.
பெயித்து.

சத்தியம் செய்து முத்திரை வாங்கியவள் நான்.
கூரைக்கு டவுன் எழுதினேன்,
உள்ளுக்கு அவுட்.
கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறியது எழுத்து.

"என்ன மிஸ் எழுதின?"
"சுவர் நிக்கிதெண்டு."
"அப்ப குறைப்பானுகள்."
"குறைப்பான்."

கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வாசிக்கத் தெரியாத மொழியில்
தன் கடை எவ்வளவு உயரம் என்று அளப்பவள் போல.
பிறகு எழும்பி,
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீவி வைத்தாள்.
புகை மணத்தது.

"பதினாலாம் நம்பர் ஊசி
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிடைக்குமா மிஸ்?
மூடக்குள்ள போகணும்."