நாற்பத்தேழு நிமிடம்

மாரத்தஹள்ளி, ஏழாவது மாடி.
இரவு இரண்டரை. முப்பது பேருக்கான ஏசியில்
நான்கு பேர் இருக்கிறோம்.
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
பூமியின் உச்சந்தலையில் உள்ள
இரண்டு விமான நிலையங்களுக்காக
நான் பதில் சொல்கிறேன்.

ஒன்றின் பெயர் என் வாயில் நுழையாது.
மற்றதில் 'க்' நான்கு முறை வருகிறது.
இடையே இருநூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் நாற்பத்தேழு நிமிடம்,
திரும்பி வர ஐம்பத்தாறு; காற்று எதிரே நிற்குமாம்.
சாலை: இல்லை.
ரயில்: இல்லை.
படகு: ஜூலையில் கேட்கவும்.

அழைத்தவர் பெயர் ஐவிக்.
டிக்கெட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.
எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், அது போதும்.
சொன்னேன்.
இன்னொரு முறை, என்றார்.
இந்த முறை கொஞ்சம் வேகமாகச் சொன்னேன்,
அப்படிச் சொன்னால் குறையும் என்பதுபோல.

பிறகு அவராகவே பேசினார்.
பிள்ளைப்பேற்றுக்கு மனைவி அங்கே போனாள்,
இங்கே மருத்துவமனை இல்லை.
குழந்தை பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள்.
பத்தொன்பது நாளும் மூடுபனி.
ஒருமுறை விமானம் அவர்களோடு வந்தது.
தலைக்கு மேலே சத்தம் கேட்டது,
இரண்டு சுற்று.
ஓடுதளம் தெரியவில்லை என்று போய்விட்டது.
நாற்பத்தேழில் நாற்பத்தைந்து வந்துவிட்டார்கள் மேடம், என்றார்.

எங்கள் ஸ்கிரிப்டில் இதற்கு வரி இல்லை.
'சிரமத்துக்கு வருந்துகிறோம்' இருக்கிறது, ஆறாம் பக்கத்தில்.
படிக்கவில்லை.
குழந்தைக்கு என்ன பெயர்?
பார்த்துவிட்டுத்தான் வைக்கணும், என்றார்.
அவர் பக்கம் நாய் ஒன்று குரைத்தது.
என் பக்கம் மெஷின் யாருக்கோ காபியைத் துப்பியது.
கொஞ்ச நேரம் இருவரும் அவற்றைக் கேட்டோம்.
நீங்கள் எந்த ஊர்? பெங்களூர்.
அங்கே பனி உண்டா?
இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

அவர் வைத்தபிறகு அந்தப் பதிவைத் திறந்தேன்.
'பயண நேரம்' கட்டத்தில், 47க்குப் பக்கத்தில்
பனி விலகினால் என்று தட்டினேன்.
சிவப்பில் பதில் வந்தது: எண்கள் மட்டும்.
பத்தொன்பது நாளை நிமிடமாக்கினேன்.
27,360.
பச்சை. ஏற்றுக்கொண்டது.
அரைமணி நேரம், சுஹாஸ் கண்டுபிடிக்கும் வரை,
அதுதான் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருந்தது.
'ஜெசிந்தா, தூங்கிட்டியா?'
ஆமாம் என்றேன்.

விடியலில் கேப்.
புட்டராஜு ஹெட்லைட்டை அணைக்கவில்லை.
தேவனஹள்ளியில் ஒரு விமானமும் எழவில்லையாம்,
ரேடியோ சொன்னதாம்.
பழைய எச்.ஏ.எல். சுவரை ஒட்டி ஊர்ந்தோம்.
சுவர் இருக்கிறது என்று நம்பித்தான்.
அல்சூரிலிருந்து மகள் போன்:
எத்தனை நிமிஷம் ஆகும்மா?
மேப் இருபத்திரண்டு என்றது.
வாய் வரை வந்த எண்ணை விழுங்கிவிட்டு
வந்துக்கிட்டே இருக்கேன் என்றேன்.