இடது சுட்டுவிரல்

விதிப்புத்தகம் இங்கிலீஷில் வந்தது.
தாலுகா ஆபீசில் யாரோ மலையாளத்தில் பொருள் எழுதி
ஓரங்களை நிறைத்திருந்தார்கள்.
நாட்டின் முதல் தேர்தலுக்கு முந்தின ராத்திரி,
கருங்கல் பள்ளிக்கூடத்தில்
அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து
நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:

பெட்டி காலியென்று எல்லோருக்கும் காட்டு.
பூட்டு. அரக்கு வை.
நூறு கஜத்துக்குள் எவரும் எவருக்காகவும் கேட்கக் கூடாது.
இடது சுட்டுவிரலைப் பார்.
மை இருந்தால் சீட்டுக் கொடுக்காதே.
இல்லையென்றால் மை வை, பிறகு கொடு.

குழப்பம் ஒன்றுமில்லை என்று தூங்கிப்போனேன்.

காலையில் வந்த விரல்கள் சட்டத்துக்கு ஏற்ற விரல்கள்.
கருப்பட்டி வியாபாரி. உபதேசியார். சந்தைக் குத்தகைக்காரர்.
ஒரு பனையேறியின் காய்ப்பில் மட்டும்
மை கொஞ்சம் தயங்கி நின்று
பிறகு ஓரமாக இறங்கியது.

பதினொன்றரைக்கு அண்டியாபீஸ் பெண்கள் வந்தார்கள்.
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டுதான் விட்டிருந்தார் மேஸ்திரி.
ரெண்டு மணிச் சங்குக்குள் திரும்பியாக வேண்டும்.
முதலில் ஏசுவடியாள்,
வயது முப்பத்தொன்று, புருஷன் பெயர் தங்கையன்.
விரலை நீட்டினாள்.
கறுப்பு.

"ஆட்சேபனை" என்றார் ஏஜெண்ட் செல்லக்கண்.
காலையிலிருந்து அந்த வார்த்தையை
தைத்து வந்த சட்டைபோல மடியில் வைத்திருந்தார்.
"ஏற்கெனவே மை வச்ச வெரல்."

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் பரப்பினாள்.
"எனக்க பத்து வெரலும் கறுப்புதான்.
அப்பம் நான் பத்து ஓட்டு போட்டாச்சா?"

அண்டித்தோட்டு எண்ணெய்.
தோல் வெந்து, உரிந்து,
உரிந்த இடம் ஆறுவதற்குள் மறுபடி கறுத்து.
பின்னால் நின்றவர்களும் கைகளை நீட்டினார்கள்,
யாரும் கேட்காமலே.

தலைமை அதிகாரி மாதேவன் பிள்ளை புத்தகத்தைத் திறந்தார்.
ஆள்மாறாட்டத்துக்கு விதி இருந்தது.
கண் தெரியாதவருக்கு இருந்தது.
சுட்டுவிரல் இல்லாதவருக்கு அடுத்து எந்த விரல் என்றுகூட இருந்தது.
அண்டியெண்ணெய்க்கு எதுவும் இல்லை.
எழுதியவர்கள் பருப்பு தின்றிருப்பார்கள்.
உடைத்திருக்க மாட்டார்கள்.

மைக்குப்பியை ஒரு தரம் முகர்ந்தார்.
அவள் விரலருகே குனிந்து ஒரு தரம்.
'இந்தக் கறுப்புக்கு மையின் வாசனை இல்லை'
என்று நாட்குறிப்பில் எழுதி
செல்லக்கண் பக்கம் தள்ளினார், கையெழுத்துக்கு.
செல்லக்கண் வரிசையை எட்டிப் பார்த்தார்.
நாலாவதாக அவர் தங்கை நின்றிருந்தாள்.
போட்டார்.

நான் மை வைத்தேன்.
கறுப்பின்மேல் கறுப்பு.
வைத்தேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.
"எரியுதா?"
"இது ஒரு எரிச்சலா சாரே."

திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பெட்டி,
பெட்டிக்கொரு சின்னம்.
அவள் உள்ளே போய் ரொம்ப நேரம் நின்றாள்.
"வெரசா வாட்டி, சங்கு ஊதப் போவுது" என்றாள் அடுத்தவள்.
"இருட்டி" என்றது திரை.
எந்தப் பெட்டி என்று விதி கேட்கச் சொல்லவில்லை.
வெளியே வந்தவள் முகத்திலும் இல்லை.

சாயங்காலம் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது.
நாற்பத்திரண்டு பேர்.
ஒருத்தி இன்னொரு பெயர் சொல்லித் திரும்ப வந்திருந்தாலும்
அந்த விரல் எனக்கு எதையும் சொல்லியிருக்காது.
ஒருத்தியும் வரவில்லை.
நேர்மை என்று எழுதத் தோன்றியது.
சங்கு என்றும் எழுதலாம்.
படிவத்தில் இரண்டுக்கும் இடம் விடவில்லை.

அரக்கு உருக்கும் அவசரத்தில் மைக்குப்பி சரிந்து
என் இடதுகை முழுக்க வழிந்தது.
மணல் போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டேன்.
தக்கலை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்,
"எத்தற ஓட்டு போட்டீரு சாரே?"

என் பெயர் பத்மநாபபுரம் பட்டியலில் இருந்தது.
தேர்தல் வேலைக்குப் போகிறவன் தபாலில் வாக்களிக்க
முன்கூட்டி மனு கொடுக்க வேண்டுமாம்.
அந்த விதியையும் நேற்று ராத்திரி
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
மனுவுக்குக் கடைசி நாள் போய்
ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.